ஸஃப்புகளில் பெருகும் நாற்காலிகள்

நம் பள்ளிவாசல்களில் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்து வருகிறது. முன்பு ஸஃப்பின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ நாற்காலிகள் இருக்கும். அவற்றில் அமர்ந்து தொழுபவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்களாகவோ, பக்கவாதத்தால் கால் இழுத்துக்கொண்டவர்களாகவோ இருப்பார்கள். இன்று பல ஊர்களில் ஜும்ஆ நாளன்று நாற்காலிகளுக்கென்றே ஒரு வரிசையை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அமர்ந்திருப்பவர்களை உற்று நோக்கினால் ஐம்பத்தைந்தும் அறுபதும் ஆனவர்கள் கணிசமாகத் தென்படுகிறார்கள். வீட்டுக்குள் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து தொழும் நம் உம்மாமார்களையும் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களே தம் இறுதிக் காலத்தில் உபரித் தொழுகைகளை அமர்ந்து தொழுததாக நபிமொழி நூல்களில் காண்கிறோம். ஆகவே நாற்காலியில் அமர்ந்தவரைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. நிற்க முடியும், ஸஜ்தாவுக்கு மட்டும் குனிய முடியாது என்றிருப்பவர் எவ்வாறு தொழவேண்டும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடும் உண்டு; அதை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டறிவதே முறை. சலுகை கூடுமா கூடாதா என்பது நம் பேச்சன்று. அந்தச் சலுகை தேவைப்படும் நிலைக்கு இத்தனை பேர், இத்தனை விரைவில், ஏன் வந்து சேர்ந்தார்கள் என்பதே நம் கேள்வி.

கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை, "முட்டி தேய்ஞ்சு போச்சு" என்பதுதான். மூட்டுத் தேய்மானம் மெய்யான நோய். அதன் வலியும் மெய்யானது. எனினும் தரையிலிருந்து எழும்போது உடலைத் தூக்குவது மூட்டன்று. மூட்டு கதவின் கீல் போன்றது. கதவைத் தள்ளுகிற கை எதுவென்றால், தொடையின் முன்புறத் தசையும் பிட்டத்துத் தசையுமே. அவை மெலிந்துவிட்டால் பாரம் முழுவதும் கீலின் மேல் இறங்குகிறது. வலிக்கிறது என்று நடமாட்டத்தைக் குறைக்கிறோம், குறைக்கக் குறைக்கத் தசை மேலும் மெலிகிறது, வலியும் மிகுகிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பவற்றுள் தொடைத்தசைப் பயிற்சியும் ஒன்று என்பது நம்மில் பலருக்கும் தெரியாது. தைலமும் மாத்திரையும் தவறாமல் வாங்குகிறோம்; மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் மட்டும் மருந்துப் பையிலேயே கிடக்கிறது.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு மனித உடல் தன் தசையைச் சிறுகச் சிறுக இழக்கத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு இழப்பு விரைவுபடுகிறது. அதிலும் சட்டென்று எழவும், தடுக்கினால் உடனே காலை ஊன்றிச் சமாளிக்கவும் உதவுகிற விரைவிழைகள்தாம் முதலில் குன்றுகின்றன. முதியவர் குளியலறையில் வழுக்கும்போது கால் 'பிடிக்காமல்' போவது இதனால்தான். இந்நிலைக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 1980களின் இறுதியில் முன்மொழிந்தார். அமெரிக்காவின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அது தனி நோயாக இடம்பெற்றது 2016இல்தான். அதுவரை உலகமே இதை 'வயசாயிடுச்சு' என்ற ஒரே சொல்லில் கடந்து வந்தது. நம் வீடுகளில் இன்றும் அப்படித்தான்.

வயதாவது இறைவனின் ஏற்பாடு அல்லவா என்று கேட்கலாம். மெய்தான். பலவீனத்தில் தொடங்கி, பலம் பெற்று, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் திரும்பும் மனிதப் பயணத்தை ஸூரா அர்ரூம் நமக்கு நினைவூட்டுகிறது. ஆனால் நரையையும் தசையையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. நரைத்த முடி கறுப்பதில்லை. மெலிந்த தசையோ எந்த வயதிலும் மீண்டும் வளரக்கூடியது.

இது வெறும் ஆறுதல் மொழி அன்று. 1990இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடைப்பயிற்சி அளித்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. ஒருவர் இடையில் விலகிக்கொள்ள, முடித்தவர்களின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதாவது, முன்பிருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைத்தசையின் பருமனும் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடியது. 1994இல் அதே குழு, சராசரி வயது 87 கொண்ட நூறு பேரிடம் பத்து வாரங்கள் இதை விரிவாகச் சோதித்தது. பயிற்சி செய்தோரின் வலிமை 113 விழுக்காடு உயர்ந்தது. செய்யாதோருக்கு 3 விழுக்காடுதான். பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் உம்மாவுக்கு விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்களைச் சுமந்து வரும் பிள்ளைகள் இந்தக் கடைசிச் செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய கட்டுரைகளில் 'பலமான முஃமின்' பற்றிய நபிமொழியை எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்தப் பலம் முதன்மையாக மறுமைக் காரியங்களில் காட்டும் மனவுறுதியைக் குறிக்கும் என்றே இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கியிருப்பதால், அதை உடற்பயிற்சிக்கான நேரடிக் கட்டளையாக நாம் நீட்டிக்க விரும்பவில்லை. நமக்கு நெருக்கமாகப் படுவது வேறொன்று. இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் தள்ளாத முதுமையிலிருந்தும் நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். நீண்ட ஆயுளையும் தள்ளாமையையும் அவர்கள் ஒன்றாக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியவர்கள் அவர்கள். முதிய வயதில் கான்ஸ்டான்டிநோபிள் வரை படையோடு புறப்பட்டுப் போய் அங்கேயே அடக்கமாகியிருக்கும் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வரலாறும் நாம் அறிந்ததே. தள்ளாமையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு துஆச் செய்துவிட்டு, அதை விரைந்து வரவழைக்கும் காரியங்களையும் நாமே செய்துகொண்டிருந்தால் அது பொருந்துமா?

அவற்றுள் முதலாவது, பெற்றோருக்குச் செய்யும் கித்மத் என்ற பெயரில் நாம் செய்வது. "வாப்பா, நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வாறேன்." "உம்மா, நீங்க மாடிக்கு ஏற வேணாம்." இவை அன்பின் சொற்கள், ஐயமில்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்கிறோம், கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்துகிறோம், பாயை எடுத்துவிட்டுக் கட்டில் போடுகிறோம், தாழ்ந்த முக்காலியை எடுத்துவிட்டு உயர்ந்த சோஃபாவை வாங்குகிறோம். ஒவ்வொன்றாக, அந்த உடல் செய்துவந்த வேலைகளையெல்லாம் அதனிடமிருந்து பறித்துவிடுகிறோம். வேலை இல்லாத தசையை உடல் வைத்துக்கொள்வதில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதுடைய நலமான பன்னிருவரைப் பத்தே நாட்கள் படுக்கையில் கிடக்கவைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. நோயாளிகளல்லர், நலமானவர்கள். காய்ச்சலென்று ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்து திரும்பிய நம் பெரியவர்கள் அதன்பின் பழைய நடைக்குத் திரும்பாமலே போய்விடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. நோய் குணமாகிவிடுகிறது, போன தசையை எவரும் தேடுவதில்லை.

தொழுகையே போதுமான பயிற்சியாயிற்றே என்பாரும் உண்டு. தொழுகையை உடற்பயிற்சி என்று வர்ணிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. அது இபாதத், அதன் நிய்யத் வேறு. ஆனால் அதன் அசைவுகள் உடலைக் காக்கின்றன என்பதை மறுக்கவும் வேண்டியதில்லை. ஐவேளை ஃபர்ளுத் தொழுகையின் 17 ரக்அத்களில், தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கும் தருணங்கள் மட்டும் ஒரு நாளைக்கு 12. ஸுன்னத்துகளையும் ரமளானின் தராவீஹையும் சேர்த்தால் அது பெருகும். வேறெந்த வேலையும் செய்யாத பெரியவருக்குத் தொடைத்தசையைத் தாங்கிநிற்கும் கடைசித் தூண் இதுவே. நாற்காலிக்கு மாறுகிற அன்றே இந்தப் பன்னிரண்டும் ஒரேயடியாக நின்றுபோகின்றன. அதனால்தான் நாற்காலிக்குப் போனவர்களில் தரைக்குத் திரும்பியவர்களை அரிதாகவே காண்கிறோம்.

இருப்பினும் ஒரே அளவான பாரம், இருப்பதைக் காக்குமே தவிர இழந்ததை வளர்க்காது. தசை வளர வேண்டுமானால் பழகியதைவிடச் சற்றுக் கூடுதலான பாரத்தை அது சந்திக்க வேண்டும். அந்தப் பாரமும் வாரந்தோறும் சிறிது சிறிதாக உயரவேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் தொடைத்தசையை மீட்க அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாட்களேனும் உடற்சமநிலைக்கான பயிற்சியும் செய்யவேண்டும் என்று நடையிலிருந்து பிரித்தே சொல்லியிருக்கிறது. அஸருக்குப் பின் கடற்கரையில் நடந்துவிட்டு, கடைசியில் டீக்கடை பெஞ்சில் முடியும் நம் ஊர் நடையை இங்கே நாம் குறைசொல்லவில்லை. அது உள்ளத்துக்கு நல்லது.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஒரு சோதனை. கை இல்லாத ஒரு நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து அமருங்கள். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி, தசைத்திறன் குன்றியிருக்க வாய்ப்புண்டு. கைப்பிடியின் வலிமையும் இதுபோன்ற ஓர் அளவுகோல்தான். கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி வலிமையே மரண அபாயத்தைத் துல்லியமாக முன்னுணர்த்தியது. மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கும் நாம், வாப்பாவால் ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதில்லை.

சோதனையே பயிற்சியும் ஆகும். கையை ஊன்றி எட்டுமுறை எழுந்து அமர்வது; சில நாட்களில் கையை ஊன்றாமல்; பிறகு சற்றுத் தாழ்ந்த இருக்கையிலிருந்து; பிறகு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதாவது ஒரு கிலோ எடையோடு. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் கையூன்றித் தள்ளுவது தோளுக்கும் மார்புக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. கடைசி இரண்டு முறை சற்றுக் கடினமாக இருக்கவேண்டும், இல்லையேல் பாரம் போதவில்லை என்று பொருள். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், குடலிறக்கம், சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் பாதிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. இவற்றையெல்லாம் கற்றுத்தர வெளியாரைத் தேட வேண்டியதுமில்லை. ஜிம்முக்குப் போய் வந்து கண்ணாடி முன் புஜத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் ஒருவன் இன்று பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கிறான். அவனுக்கு ஸ்குவாட் தெரியும். வாப்பாவுக்கு அதுதான் தேவை. வாரத்தில் இருமுறை இருபது நிமிடம் வாப்பாவோடு நின்று எண்ணிச் சொன்னால் அவன் கற்ற கலைக்கும் ஒரு பெறுமதி கிடைக்கும்.

பெண்களின் நிலை கூடுதல் கவலைக்குரியது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் அவர்களுக்கு விரைந்து குறைகின்றன. ஆனால் தசை, எடைப்பயிற்சி என்ற சொற்களே ஆண்களுக்குரியவை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். கணவரை இழந்த பெண்ணின் இத்தாவை எடுத்துக்கொள்வோம். நான்கு மாதம் பத்து நாள். அலங்காரத்தைத் தவிர்ப்பதும் தேவையின்றி வெளியே செல்லாதிருப்பதும் அதன் விதிகள். ஒரே அறையில், ஒரே பாயில் அசையாது அமர்ந்திருக்கவேண்டும் என்று எந்த ஃபிக்ஹு நூலும் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கம் அதைச் சேர்த்துக்கொண்டது. துயரத்தில் உணவும் குறைந்து, நடமாட்டமும் நின்று, அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு மாதம் கழித்து வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நாம் சோகத்தின் அடையாளமாகவே பார்க்கிறோம். அதில் பாதி சோகம்; மீதி கரைந்துபோன தசை. இத்தாவிலிருக்கும் பெண்ணை வீட்டுக்குள் நடமாடச் செய்வதும், சமையற்கட்டுக்கும் மாடிக்கும் போய்வரச் சொல்வதும், நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமரச் செய்வதும் அவருக்குச் செய்யும் பேருதவி. இதை வீட்டுப் பெரிய பெண்களிடம் ஆலிம்கள் எடுத்துச் சொன்னால் வழக்கம் மாறும்.

உணவைப் பற்றிச் சிறிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி, பெரியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது வல்லுநர் பலரின் கருத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். நாம் கறி உண்ணும் சமுதாயம், நமக்கென்ன குறை என்று தோன்றும். பெரியவர்களின் தட்டைப் பாருங்கள். காலையில் தேங்காய்ப்பாலில் நனைத்த இடியாப்பம். பகலில் சோறும் ஆணமும்; பல்லுக்குக் கடினம் என்று கறித்துண்டை ஓரமாக ஒதுக்கியோ பேரனுக்குக் கொடுத்தோ விடுவார்கள். இரவில் தேநீரும் ரஸ்க்கும். புரதம் கறியில் இருக்கிறது, ஆணத்தில் இல்லை. கறியைக் கொத்தியோ குழைய வேகவைத்தோ கொடுக்கலாம். மீன் மென்மையானது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. ஒரே வேளை பிரியாணியில் எல்லாவற்றையும் தேடாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது நல்லது. ரமளானில் ஸஹருக்குத் தேநீரும் வாழைப்பழமும் மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை முதியவர்கள் கைவிடவேண்டும். முட்டையோ தயிரோ பருப்போ அந்நேரத்தில் அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு செய்தி: உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்ளிழுத்துக்கொள்வது தசைதான். அது சுருங்கச் சுருங்க மாத்திரையின் சுமை கூடுகிறது.

ஹஜ்ஜுக்கு வருவோம். பிள்ளைகளைக் கரைசேர்த்து, வீட்டைக் கட்டி முடித்து, ஓய்வு பெற்ற பிறகே புறப்படுவது நம் மக்களின் வழக்கமாகிவிட்டது. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை ஸஃயு செய்வதே சுமார் மூன்று கிலோமீட்டர். அதற்கு முன் தவாஃப், அதன்பின் மினாவும் அரஃபாவும் முஸ்தலிஃபாவும், கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பதும், திறந்தவெளியில் தரையில் படுத்தெழுவதும். ஹஜ்ஜுக்குரிய சக்தி என்று மார்க்கம் சொல்வதில் பணத்தோடு உடல் வலிமையையும் ஃபுகஹாக்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகப் பணம் சேர்க்கிறோம். பயணத்துக்கு முந்தைய வகுப்புகளில் துஆக்களையும் இஹ்ராம் கட்டும் முறையையும் சிறப்பாகக் கற்றுத் தருகிறார்கள். பெயர் தேர்வானதிலிருந்து புறப்படும் வரை கிடைக்கும் மாதங்களில் வாரம் இருமுறை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லும் ஒரு வகுப்பை நாம் இதுவரை கண்டதில்லை. எட்டு வாரத்தில் தொண்ணூறு வயதினர் அடைந்ததை அறுபத்தைந்து வயது ஹாஜி அடைய முடியாதா?

இதில் ஜமாஅத்துகளுக்கும் பங்குண்டு. நாற்காலி வாங்கித் தருவதை ஸதகத்துல் ஜாரியாவாகக் கருதிப் பலர் முன்வருகிறார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அதே பணத்தில் நான்கைந்து உறுதியான மர நாற்காலிகள், சில ரப்பர் பட்டைகள், ஒன்று, இரண்டு, மூன்று கிலோ எடைகள் வாங்கலாம். வாரம் ஒருமுறை வந்து வழிகாட்ட உடலியக்க மருத்துவர் ஒருவருக்குச் சிறு தொகையும் ஒதுக்கலாம். நம் பெண்கள் மதரஸாக்கள் பல, காலை வகுப்பு முடிந்ததும் அஸர் வரை பூட்டியே கிடக்கின்றன. திரையிட்ட கூடமும் மின்விசிறியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. திங்களும் வியாழனும் ஒரு மணி நேரம் அந்தக் கதவைத் திறந்துவைக்க நிர்வாகிகளின் ஒரு கூட்டத் தீர்மானம் போதும்.